சும்மா இருக்கும் நேரம்

கோப்பு இறங்கி முடிந்ததும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இந்த நிரல் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று அது கேட்டது. வடிவு அம்புக்குறியை 'ஆம்' என்பதன்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். மாற்றங்கள் என்றால் என்ன மாற்றங்கள், உள்ளே எந்த இடத்தில், பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாமா, அதையெல்லாம் அது சொல்லவில்லை. வெளியே ஆடிக் காற்று பெருமாள்புரம் தெருவை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது. மாடிப்படிக் கதவு அடித்துக்கொண்டது, நின்றது, மறுபடி அடித்தது. அவள் கணவர் நயினார், சங்கத்து ஆபீசுக்குக் கிளம்பிப் போய் நேரமாகிவிட்டது. போகும்போது கதவைக் கட்டிவைக்கிறேன் என்று சொன்னவர் மறந்துவிட்டார், அல்லது கட்டியது அவிழ்ந்துவிட்டது. எழுந்துபோய்க் கட்டலாம். எழுந்தால் திரும்ப வந்து உட்காரமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் அவள் கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிக் கார்டுகளும் கோயில் கொடை விழா நோட்டீசுகளும் அடித்துக்கொடுக்கிறாள், மாதத்துக்கு ஒருமுறை ஞானதுரை சார் நடத்தும் அறிவியல் பத்திரிகைக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறாள். அந்தப் பத்திரிகையின் இந்த மாதக் கட்டுரை ஒன்றில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது என்று தொடங்கியது கட்டுரை. நீங்கள் யோசிக்கும்போது, சாப்பிடும்போது, பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது அது காத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுங்கள். பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்புகிறார்கள், ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரும் தன் துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்புகிறது. வடிவு எப்போதும் அர்த்தம் பார்க்காமல்தான் அடிப்பாள், அர்த்தம் பார்த்தால் கை தயங்கிவிடும். எழுத்துகள் கண்ணில் விழுந்து விரலில் இறங்கிவிடும், நடுவில் அவளுக்கு வேலையில்லை. அப்படித்தான் அடித்துக்கொண்டு போனாள், எந்தெந்த நோய்களுக்காக இந்தக் கணக்குகள் போடப்படுகின்றன என்ற வரி வந்தது, புற்றுநோய், அல்சைமர், பார்க்கின்சன் என்று போனது, அதற்கடுத்த பெயரில் அவள் விரல் நின்றுவிட்டது. ஹண்டிங்டன். அந்தப் பெயரை அவள் அதுவரை தமிழ் எழுத்தில் பார்த்ததில்லை.

அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு பச்சைப் பட்டை நிதானமாக இடமிருந்து வலமாக நிரம்பியது, அவ்வளவுதான். பிறகு அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. முதலில் பெயர். உங்கள் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளலாம், நீங்கள் முடித்துக் கொடுக்கும் வேலைக்குப் புள்ளிகள் சேரும், உங்கள் ஊர்க்காரர்களோடு அணியாகவும் சேரலாம். அவள் தன் பெயரின் முதலெழுத்தை அடித்துவிட்டு அழித்தாள். அந்த நோயின் பெயர் இருக்கிற இடத்தில் தன் பெயரையும் கொண்டுபோய் வைப்பதா? யாரோ எங்கேயோ ஒரு பட்டியலைத் திறந்து, ஓ, இவளா, வரட்டும் என்று சொல்வது போல இருந்தது. அம்மாவின் பெயரைப் போடலாமா என்று நினைத்தாள். பிரமநாயகி. அம்மாவுக்கு எதில் புள்ளி சேர்ந்து என்ன ஆகப்போகிறது. பெயரில்லாமலும் சேரலாம் என்று கீழே சின்னதாக இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தாள். எந்த நோய்க்காக என்று கேட்டது. பட்டியலைத் திறந்தாள், ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள், அது இருந்தது. அதைத் தொட்டால் அதற்குப் பக்கத்தில் ஒரு டிக் விழும். யாராவது பார்ப்பார்கள். யார் பார்ப்பார்கள், வீட்டில் ஆளே இல்லை. ஆனாலும் 'எந்த நோயானாலும்' என்ற வரிக்கு ஒரு தடவை போய்விட்டுத்தான் திரும்பி வந்து அதைத் தொட்டாள். எவ்வளவு சக்தியை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டது, குறைவாக, நடுத்தரமாக, முழுதாக. நடுத்தரமாக. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதும் ஓடலாமா, சும்மா இருக்கும்போது மட்டும் ஓடினால் போதுமா என்று கேட்டது. சும்மா இருக்கும்போது மட்டும் என்றுதான் கட்டுரையில் இருந்தது, ஆனால் அவள் வேலை செய்யும்போதும் என்று வைத்தாள். தனக்குத் தெரியாமல், தான் எழுந்துபோன பிறகு மெதுவாக ஒன்று தொடங்குவதை அவளால் தாங்க முடியாது. தொடங்குவதானால் கண் முன்னால் தொடங்கட்டும்.

தொடங்கியது. எங்கோ ஒரு தேசத்து யுனிவர்சிட்டியிலிருந்து அவளுடைய துண்டு இறங்கியது, அதற்கு ஒரு நீளமான எண் இருந்தது, ஒரு கெடுவும் இருந்தது. கெடுவுக்குள் முடிக்காவிட்டால் இதே துண்டு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும் என்று போட்டிருந்தது. முதலில் சத்தமே இல்லை. பிறகு மேஜைக்கு அடியில், காலருகே இருந்த பெட்டிக்குள் மின்விசிறி மூச்செடுத்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை, கொடை நோட்டீசுக்குப் பெரிய சாமி படங்களை ஏற்றும்போது ஒரு கணம் உறுமிவிட்டு அடங்கும், அவ்வளவுதான். இது அடங்கவில்லை. ஒரே சுருதியில் ஏறி அங்கேயே நின்றுகொண்டது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று அவள் கெண்டைக்காலில் பட்டது, காய்ச்சல்காரரின் மூச்சு படுவதைப் போல. காலை இழுத்துக்கொண்டாள். பெட்டியை வாங்கும்போது கடைக்காரர் தூசி தட்டச் சொன்னார், தட்டினோமா, போன வருஷம் தட்டினோம், இல்லை, அதற்கு முந்தின வருஷமா. சூடு அதிகமானால் தானே நின்றுவிடும் என்று கட்டுரையில் இருந்தது, கவலைப்பட வேண்டாம் என்றும் இருந்தது. கவலைப்பட வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது, எந்த இடத்தில் அதை எழுத வேண்டும் என்று. திரையின் ஓரத்தில் ஒரு கண் படம் இருந்தது, அழுத்தினால் உங்கள் கம்ப்யூட்டர் இப்போது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். அழுத்தினாள். கறுப்புப் பின்னணியில் சிவப்பும் நீலமும் சாம்பலுமாக உருண்டைகள் கோத்த ஒரு மாலை தோன்றியது. புரதம். உடம்புக்குள் அது எப்படி மடிகிறது, எங்கே தப்பாக மடிகிறது என்பதைத்தான் கணக்குப் போடுகிறார்களாம். சரியான வடிவத்தில் மடிந்தால் வேலை செய்யும், வடிவம் தப்பினால் நோய். வடிவம். அவளுக்கு வடிவுடையம்மை என்கிற காந்திமதியம்மன் பேரை வைத்து வடிவு என்று கூப்பிட்டது அம்மாதான். அந்த மாலை திரையில் சும்மா இருக்கவில்லை. நெளிந்தது. ஒரு முனை வெடுக்கென்று இழுத்தது, நடுப்பகுதி தோளைக் குலுக்குவது போலக் குலுங்கியது, இன்னொரு முனை எதையோ எடுக்கப் போய், மறந்து, திரும்பி வந்தது. காற்று இல்லை, கை இல்லை, ஆனால் ஆடியது. வடிவு நாற்காலியை ஓசையில்லாமல் பின்னால் தள்ளினாள்.

அம்மா அப்படித்தான் ஆடினாள். முதலில் விரல்கள், மடியில் வைத்த கையின் விரல்கள் மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியம் ஒன்றை வாசிப்பதைப் போல. என்னம்மா பண்ணுத என்று கேட்டால் என்ன பண்ணுதேன் என்று கையைப் பார்ப்பாள், பார்த்ததும் நின்றுவிடும், கையைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள். பிறகு புருவம், பிறகு தோள், பிறகு நடை. டவுனில் தேரோட்டம் பார்க்கப் போன இடத்தில் வாகையடி முக்கில் அம்மா நடந்த நடையைப் பார்த்து ஒரு போலீஸ்காரர், பொம்பளை இந்தக் குடி குடிச்சிட்டு வருதே, கூட ஆள் யாரு என்று கேட்டார். வடிவுதான் கூட ஆள். அவள் கூட்டத்தில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள், கூட ஆள் இல்லை என்பது போல. தம்பி லிங்கம்தான், அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, எங்க அம்மா சார், உடம்பு சரியில்ல சார் என்று முன்னால் போய் நின்றான். கடைசியில் அம்மாவைக் கட்டிலில் கட்டிவைக்க வேண்டியிருந்தது, கட்டாவிட்டால் கட்டிலை விட்டு எறிந்துவிடும், எது எறியும், அம்மாவை அம்மாவே எறிவாள். தூக்கத்தில் மட்டும் எல்லாம் நிற்கும். தூங்குகிற அம்மா பழைய அம்மாவாக இருப்பாள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து அந்த அசையாத முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், விழித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வாள், அந்த வேண்டுதலின் அர்த்தம் என்ன என்று தெரிந்தபோது அம்மா நிஜமாகவே விழிக்கவில்லை.

போன் அடித்தது. வடிவு துள்ளிவிட்டாள். துள்ளினோமா, எல்லோரும்தான் துள்ளுவார்கள், திடீர்ச் சத்தம். ஞானதுரை சார்.

"என்னம்மா வடிவு, பக்கம் எல்லாம் பாத்துட்டேன். நல்லா வந்திருக்கு."

"சரிங்க சார்."

"பிழை மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலா இருக்கே. உங்ககிட்ட நான் அதிகம் திருத்துனதே கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர் தானக் கட்டுரையில பாதியில இருந்து எழுத்து எழுத்தா மாறிக் கெடக்கு. கண்ணாடி மாத்தணுமோ என்னமோ, பாருங்க."

"காத்தா இருக்கு சார், கரண்டு போய்ப் போய் வருது."

"ஆமாமா. அவசரமில்ல. சாயந்திரம் அனுப்புனா போதும்."

வைத்துவிட்டார். கண்ணாடி. கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், நாற்பது தாண்டியாயிற்று. கட்டுரையில் பாதியிலிருந்து என்றார், பாதியில்தானே அந்தப் பெயர் வந்தது, அதற்குப் பிறகு மனசு நிலையில்லை, மனசு நிலையில்லாமல் அடித்தால் பிழை வராமல் என்ன செய்யும். அதுதான் காரணம். அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முந்தின பக்கங்களில்? அவர் திருத்தம் போட்டு அனுப்பியிருந்த கோப்பைத் திறந்து பார்க்கலாம், அந்தப் பெயருக்கு முன்னாலும் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், பார்த்தால் தெரிந்துவிடும். அவள் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன் கைகளை விசைப்பலகையின் இரு பக்கமும் மேஜைமேல் மல்லாக்க வைத்துப் பார்த்தாள். பார்த்தால் நின்றுவிடும், அது தெரியும், அதனால் பார்ப்பதில் பிரயோசனமில்லை. பார்க்காத போதுதான் பார்க்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கடைக்கண்ணால் கையைக் கவனித்தாள். இடது மோதிர விரல் அசைந்தது. அசைத்தது நானா. அசைகிறதா என்று நினைத்தபடியே ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தால் அது எப்படி அசையாமல் இருக்கும், யாருக்கும் அசையும். ஒவ்வொரு நாளும் அவள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். பாத்திரம் கழுவும்போது, பஸ் படியில் கால் வைக்கும்போது, ஒரு பெயர் நாக்கில் வராமல் நிற்கும்போது. மற்றவர்களுக்கு அது வெறும் மறதி, கால் இடறல். அவளுக்கு ஒவ்வொன்றும் கதவைத் தட்டுகிற சத்தம், போய்த் திறந்தால் ஆள் இல்லை.

மதுரை டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசினார். அம்மா போன பிறகு அக்காவும் தம்பியுமாகத்தான் போயிருந்தார்கள். இது பரம்பரையா வாரது, உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு என்றார். ரத்தத்தை எடுத்துப் பார்த்தா இப்பவே சொல்லிடலாம். மருந்து என்று குணப்படுத்துவதற்கு ஒன்றும் இல்லை, தெரிஞ்சுக்கணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் ஒரு தாளில் மூன்று எழுத்துகளை எழுதிக்காட்டினார். எல்லோர் உடம்பிலும் ஒரு மரபணுவில் இந்த மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருமாம், ஓர் அளவோடு நின்றுவிட்டால் தொந்தரவில்லை. சிலருக்கு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். வடிவுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. விசைப்பலகையில் பொத்தான் சிக்கிக்கொண்டால் அப்படித்தான் ஆகும், ஒரே எழுத்து வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும், கையை எடுத்தாலும் விழும், பக்கத்தை நிறைத்து அடுத்த பக்கத்துக்குப் போகும். அழித்துவிடலாம். இதை எந்தப் பொத்தானை வைத்து அழிப்பது. திரும்பி வரும்போது பஸ் கோவில்பட்டியைத் தாண்டியது. பிறகு லிங்கம் சொன்னான், நாம பாக்க வேண்டாம்க்கா. அவளும் வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. ஆனால் பார்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு அவன் ஓசூரிலிருந்து வந்தால், அவன் காபியை வாங்கும் கையை அவள் பார்ப்பாள், அவள் பரிமாறும் கையை அவன் பார்ப்பான், ஒருவர் பார்ப்பது ஒருவருக்குத் தெரியும், இருவரும் சீரியலைப் பற்றிப் பேசுவார்கள். அவன் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போதே மகள் மாதங்கி பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதுதான், அங்கேதான் எல்லா யோசனையும் போய் முட்டும். எனக்கு இல்லையென்றால் அவளுக்கு இல்லை, அத்தோடு முடிந்தது. எனக்கு இருந்தால் அவளுக்குப் பாதி. தன் ரத்தத்தைக் கொடுத்தால் அந்தக் குழாயில் மகளின் ரத்தமும் சேர்ந்துதான் போகும். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு, யம்மா இன்னைக்கு நான் தோசை சுட்டேன் தெரியுமா என்று போன் பண்ணுகிற பிள்ளை. தெரியாத வரைக்கும் அது தோசை மட்டும்தான்.

அறை சூடாகிவிட்டிருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. திரையில் மாலை ஆடிக்கொண்டிருந்தது, ஓரத்தில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது, ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, வேறு எதையாவது பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏறியிருக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று திருத்தங்களைத் திறந்தாள், இரண்டு வரி திருத்தினாள், மறுபடி பார்த்தாள். இந்தப் பெட்டி தன் வேலையையும் செய்துகொண்டு அந்த நிரலின் வேலையையும் செய்கிறது. அடித்தால் எழுத்து விழுகிறது, கேட்டால் கோப்பு திறக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே பாதிக்கு மேல் வேறொன்றுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்குப் பொத்தான் இருந்தது. அவள் அதன்மேல் ஒரு தடவை அம்புக்குறியைக் கொண்டுபோனாள். இது எனக்காக ஓடுகிறது, பைத்தியம், இது எனக்கு எதிராக இல்லை என்று சொல்லிக்கொண்டாள். எனக்காக என்றால் எப்போது, எத்தனை லட்சம் வீடுகள், எத்தனை லட்சம் துண்டுகள், எல்லாத் துண்டும் போய்ச் சேர்ந்து ஒரு மாத்திரையாக வருவதற்குள் யாருடைய கட்டிலில் யாரைக் கட்டியிருப்பார்கள். அப்போது மாடிக் கதவு பெரிதாக ஓர் அடி அடித்தது, விளக்கு அணைந்தது, தலைக்குமேல் ஃபேன் சுற்றல் தளர்ந்தது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. டிக், டிக் என்று இல்லை, ஒரு குழந்தை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது போல. பழைய பாட்டரி, கொஞ்ச நேரம்தான் தாங்கும், அதற்குள் மூடிவிட வேண்டும், ஆனால் அந்தத் துண்டு, பாதிக்கு மேல் வந்துவிட்ட அந்தத் துண்டு, அதை எப்படி மூடுவது என்று கட்டுரையில் இருந்ததே, அவள் தன் கையால் அடித்தாளே, என்ன இருந்தது, ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரவில்லை. வரிசையாக எதையெதையோ அழுத்தினாள். யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டு, போகாத போகாத என்று வாய்விட்டுச் சொன்னாள், யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல், பிறகு திரை இருண்டது, மின்விசிறி மெல்ல இறங்கி நின்றது, வீடு முழுவதும் காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. கறுத்த திரையில் ஒரு பெண்பிள்ளை இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கரண்டு வருவதற்குள் அவள் மாடிப்படிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தாள், முகம் கழுவினாள், ஒரு டம்ளர் மோரைக் கலக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். கரண்டு வந்ததும் திறந்து பார்த்தால் துண்டு போய்விடவில்லை. கொஞ்சம் பின்னால் போயிருந்தது, அவ்வளவுதான். அவ்வப்போது தானே ஓர் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுமாம், விழுந்தால் அந்த இடத்திலிருந்து எழுந்திருக்குமாம், இப்போது ஞாபகம் வந்தது, கட்டுரையின் கடைசிப் பத்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதியாகவும் இருந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த நிம்மதி, என்ன ஒரு மடச்சி நான் என்று மோரை எடுக்கப் போனபோது போன் மறுபடி அடித்தது. லிங்கம். வீடியோவில் கூப்பிட்டான். வேலை நாளில், இந்த நேரத்தில் அவன் கூப்பிடுகிறவன் இல்லை. எடுப்பதற்கு முன்னால் அவள் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், அது பழக்கம்தான், யோசித்துச் செய்வதில்லை. போனை மானிட்டரில் சாய்த்து நிறுத்தினாள்.

"என்னல, வேலைக்குப் போகலையா?"

"லீவு போட்டிருக்கேன்க்கா." அவன் முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறான். அவள் கண்கள் அவளைக் கேட்காமலே அவன் தோளுக்கும் புருவத்துக்கும் கைக்கும் போய்வந்தன. கை திரைக்குள் வரவில்லை. கையை ஏன் மறைக்கிறான். வந்துட்டு. இவனுக்கு வந்துட்டு. எல்லாக் கதவையும் தட்டிவிட்டு இவனிடம் போயிருக்கிறது.

"கையக் காட்டு" என்றாள்.

"யக்கா..."

"கையக் காட்டுல லிங்கம்!"

அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். கைகள் அசையவில்லை. கல்லில் செதுக்கினது போல நின்றன. அவற்றுக்குப் பின்னால் அவன் முகம் அழ ஆரம்பித்தது.

"டெஸ்ட் எடுத்துட்டேன்க்கா. பெங்களூருல. போன மாசமே. எனக்கு இல்லைன்னு வந்திருக்கு. எனக்கு இல்லக்கா."

சந்தோஷம் வந்தது, அது பொய்யில்லை, கண் நிறைந்து, எங்க அம்மா சார் என்று கூட்டத்தின் முன்னால் போய் நின்ற அந்தப் பையனுக்காக, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட இந்த ஆளுக்காக வந்தது. நல்லா இருப்பல, நீ நல்லா இருப்ப என்று சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேர், பாதிக்குப் பாதி, ஒருவருக்கு இல்லை. தனித்தனியாக என்றுதான் டாக்டர் சொன்னார், அவனுக்கு இருப்பதும் இல்லாததும் உன்னைத் தொடாது என்று தெளிவாகச் சொன்னார், அவளுக்கும் அது தெரியும், மாதங்கிக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான். தெரிந்தும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. ஒருவருக்கு இல்லையென்றால் மற்றவருக்கு. மிச்சம் இருப்பது யார், நீதான். இத்தனை வருஷமும் இருட்டில் இருவராக நின்றார்கள், இப்போது அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். போன மாதமே போய்விட்டான். போன மாதம் முழுவதும் அவன் போனில் அவளிடம் மழை உண்டா, மாமா எப்படி இருக்காங்க என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாக்க வேண்டாம்னு சொன்னது நீதானல" என்றாள்.

"ஆமாக்கா. ஒரு பொண்ணு... கூட வேலை பாக்குது. அதுகிட்ட மறைக்க முடியல. அதான் எடுத்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம கெடந்தேன்."

"நல்லதுதான். பண்ணிக்கோ."

"நீயும் எடுத்துருக்கா. நான் வாரேன். மதுரையிலயே எடுத்துருவோம், நான் கூடவே இருக்கேன். உனக்கும் இருக்காதுக்கா. தெரிஞ்சுட்டா நிம்மதி பாரு, நான் இந்த ஒரு மாசமா எப்படித் தூங்குதேன் தெரியுமா?"

காலடியில் மின்விசிறி உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது, சூடு முழங்காலைத் தாண்டி ஏறிவிட்டது.

"உனக்காக இல்லைன்னாலும் மாதங்கிக்காக..."

"அவ பேரை எடுக்காத!"

அந்தக் குரல் அவளுடையதாக இல்லை. அறைக்குள் அது கிளம்பி, சுவரில் பட்டு, அவளுக்கே வந்து கேட்டது. அதே கணம் அவள் வலது கை எழுந்து போனது, மோர் டம்ளர் மேஜையை விட்டுப் பறந்து ஜன்னல் சுவரில் மோதி விழுந்து உருண்டது, விசைப்பலகை, மேஜை, திரையில் ஆடிக்கொண்டிருந்த மாலை எல்லாவற்றின்மேலும் மோர் தெறித்து வழிந்தது. வடிவு தன் கையைப் பார்த்தாள். கை மேஜைக்கு மேலே, போன இடத்திலேயே நின்றது. கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபத்தில் தட்டினேன். தட்டினேனா. கோபம் வந்ததற்கும் கை போனதற்கும் நடுவில் ஒரு நொடி இருந்திருக்க வேண்டும், தட்டு என்று ஒருத்தி சொன்ன நொடி, அதைத் தேடிப்போனாள், அங்கே அவள் இல்லை. அம்மா தட்டுகளை எறிவாள். விரல் ஆடுவதற்கும் முன்னால், ஒன்றும் தெரியாமல் இருந்த காலத்தில், குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று அப்பா சொன்னதற்குத் தட்டோடு எறிந்தாள், வாய் அதிர்ந்து பேசாத அம்மா. எல்லோரும் கோபம் என்றார்கள். இவளுக்கு இப்பல்லாம் மூக்குக்கு மேலே கோபம் வருது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். சாதாரணக் கோபம்தான், யாருக்கும் வரும், யாரும் எறிவார்கள்.

லிங்கம் மானிட்டரில் சாய்ந்திருந்த போனுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை நின்றுவிட்டிருந்தது. அவன் கண்கள் அவள் தோளுக்கும், புருவத்துக்கும், இன்னும் கீழே இறங்காத அந்தக் கைக்கும் போய்வந்தன. பயப்படுகிறவன் பார்க்கிற பார்வை இல்லை அது. கரையில் நிற்கிறவன் பார்க்கிற பார்வை. இத்தனை பொங்கலுக்கும் இல்லாமல், இன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் மட்டும் பார்த்தான், அவள் பார்க்கப்பட்டாள்.

"யக்கா" என்றான், குழந்தையிடம் பேசுவது போல, மிகவும் மெதுவாக. "இப்ப அதை நீ வேணும்னுதான தட்டுன?"

மோர் மேஜையின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை இறக்கி மடியில் வைத்தாள், அதன்மேல் மற்றக் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமால" என்றாள். "வேணும்னுதான் தட்டுனேன்."